வலிப்புக்கு இயற்கைக் குளிசையா? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதம், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்திலயும் அரைவாசி வலிப்பு பற்றித்தான், அதுவும் நியூக்ளியோசைட், அதில அடினோசின், யூரிடின் எண்டு நம்மட உடம்பிலயே இருக்கிற சாமான்கள்ட பேர்கள்தான் திரும்பத் திரும்ப வருது, இதுகள் வலிப்புக்கு இயற்கை மருந்து எண்டு யாரோ ஒரு வீடியோ அனுப்பி அது மட்டக்களப்பு அம்பாறை முழுக்கச் சுத்தியிருக்கு போல. சரி, இந்தப் பக்கம் முழுக்க அதுக்கே விடுறன். நான் டொக்டர் இல்ல, ஆஸ்பத்திரி பார்மசியில நிண்டு மருந்து குடுத்த ஆள். மருந்து எப்பிடி வேலை செய்யுது, எங்க வேலை செய்யாது எண்டு சொல்லுவன், உங்கட பிள்ளைக்கு எத்தனை மில்லிகிராம் எண்டு மட்டும் கேக்காதீங்க, அது கிளினிக்கில சொல்ல வேண்டியது.

கேள்வி: மிஸ், என்ட மகனுக்கு 13 வயசு. சின்னனில இருந்தே வலிப்புக்கு சோடியம் வல்ப்ரோவேட் குடிக்கிறான், இப்ப ஒரு வருசத்துக்கு மேல ஒண்டும் வரல்ல. கனடாவில இருக்கிற என்ட தம்பி யூரிடின் எண்டு ஒரு போத்தல் அனுப்பியிருக்கான், இது நம்மட உடம்பிலயே இருக்கிற இயற்கைச் சாமான், பக்கவிளைவு இல்ல, இங்கிலீஷ் மருந்த நிப்பாட்டிப்போட்டு இதக் குடு அக்கா எண்டு சொல்றான். குடுக்கவா? (ஒரு அம்மா, களுவாஞ்சிகுடி)

பதில்: அம்மா, இதை வாசிக்கிற இந்த நேரம் வல்ப்ரோவேட்ட நிப்பாட்டியிருந்தீங்க எண்டா தயவுசெய்து இண்டைக்கே கிளினிக்குக்கோ வார்டுக்கோ மகனையும் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்க. நிப்பாட்டல்ல எண்டா நிப்பாட்டவே வேணாம். ஒரு வருசமா வலிப்பு வராம இருக்கிறது வருத்தம் போயிட்டு எண்டதுக்கு அத்தாட்சி இல்ல, அந்தக் குளிசை வேலை செய்யுது எண்டதுக்கு அத்தாட்சி. திடீரெண்டு நிப்பாட்டினா பழைய வலிப்பு திரும்பி வாறது மட்டுமில்ல, ஒண்டு முடிய முதல் அடுத்தது எண்டு தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகிற நிலையும் வரலாம். பொதுவா ரெண்டு வருசமாவது வலிப்பு இல்லாம இருந்த பிறகுதான் டொக்டர்மார் மருந்தக் குறைக்கிறதப் பற்றியே யோசிப்பாங்க, அதுவும் மாசக்கணக்கில கொஞ்சம் கொஞ்சமாத்தான்.

இனி யூரிடின். உங்கட தம்பி சொல்றதில அரைவாசி உண்மை. யூரிடின் நம்மட உடம்பில இருக்கிறதுதான், இரத்தத்தில ஓடுது, மூளையிலயும் இருக்கு, தாய்ப்பாலிலயும் இருக்கு. எலியில செய்த பரிசோதனைகளில சில வகை வலிப்ப அது குறைச்சிருக்கு, ஹங்கேரியில இதுக்கெண்டே நெடுங்காலமா வேலை செய்யுற ஆய்வாளர்கள் இருக்காங்க, அதெல்லாம் பொய் இல்ல. ஆனா எலியில ஊசியால குடுத்துப் பார்த்ததுக்கும் உங்கட மகன் வாயால முழுங்குற குளிசைக்கும் இடையில கனக்க இருக்கு. வாயால போற யூரிடினில பெரும்பங்கு குடலிலயும் ஈரலிலயும் உடைஞ்சு போயிடும். சாதாரண வலிப்பு உள்ள பிள்ளைகளுக்கு வல்ப்ரோவேட்டுக்குப் பதிலா இதக் குடுக்கலாம் எண்டு எந்த நாட்டிலயும் அனுமதி இல்ல. அது உண்மையிலயே அதிசயம் செய்த ஒரு இடம் இருக்கு, அதைக் கடைசிக் கேள்வியில சொல்றன், ஆனா அது உங்கட மகன்ட கதை இல்ல. போத்தல வீச வேணாம், கிளினிக் கொப்பியோட சேத்து கொண்டுபோய் டொக்டருக்குக் காட்டுங்க. தம்பியோட சண்டையும் பிடிக்காதீங்க, மருமகன்ட பாசத்திலதான் அவன் காசு செலவழிச்சு அனுப்பியிருக்கான்.

கேள்வி: நான் ஏ எல் பயோ படிக்கிறன். நியூக்ளியோசைட் எண்டா டிஎன்ஏ பாடத்தில வாறதுதானே, அது எப்பிடி வலிப்ப நிப்பாட்டும்? (வந்தாறுமூலை)

பதில்: அதேதான் தம்பி. ஒரு நைதரசன் மூலமும் ஒரு சீனியும் சேந்தா நியூக்ளியோசைட், அதோட பொஸ்பேட்டும் ஒட்டினா நியூக்ளியோடைட். அடினீனும் ரைபோசும் சேந்தது அடினோசின், அதில மூண்டு பொஸ்பேட் ஒட்டினா நீங்க படிக்கிற ஏடிபி. பாடப் புத்தகம் அதோட முடிச்சிரும், ஆனா இந்தச் சாமான்கள் வெறும் கட்டிடக் கல்லு இல்ல, கலத்துக்கு வெளியில நிண்டு செய்தி சொல்ற வேலையும் செய்யுதுகள். 1929ல ட்ரூரி, சென்ட் ஜோர்ஜி எண்ட ரெண்டு பேர் அடினோசின் இதயத்துடிப்ப மெதுவாக்கும் எண்டு கண்டுபிடிச்சாங்க, மூளைக் கதை பிறகு வந்தது.

மூளையில ஒரு பகுதி அளவுக்கு மீறி வேலை செய்யேக்க ஏடிபி வேகமா உடையும், உடைஞ்சு அடினோசினா வெளியில சேரும். அது நரம்புக் கலத்தில இருக்கிற ஏ1 எண்ட ரிசெப்டர்ல, அதாவது செய்திய வாங்குற இடத்தில, போய் ஒட்டினா ரெண்டு காரியம் நடக்கும்: செய்தி அனுப்புற பக்கத்தில கல்சியம் உள்ள வாறது குறையும், அதால குளூட்டமேட் எண்ட தூண்டுற இரசாயனம் வெளியில வாறதும் குறையும், வாங்குற பக்கத்தில பொட்டாசியம் வெளியில போய் அந்தக் கலம் லேசில தூண்டப்படாத நிலைக்கு வரும். அதாவது எவ்வளவுக்கு கூட வெடிக்குதோ அவ்வளவுக்கு கூட அடக்குற சாமானும் அந்த இடத்திலயே உண்டாகுது. மூளைக்கெண்டு சொந்த வலிப்பு மருந்து இருக்கு எண்டு சொல்றது இதைத்தான், எனக்கு இண்டைக்கும் இத வாசிக்கேக்க உடம்பு சிலிர்க்கும்.

அப்ப ஏன் வலிப்பு வருத்தம் எண்டு ஒண்டு இருக்கு எண்டு நீங்க கேப்பீங்க, கேக்கத்தான் வேணும். அடினோசின அகற்றுறதுக்கு அடினோசின் கைனேஸ் எண்டு ஒரு நொதியம் இருக்கு, அது பெரியாக்கள்ட மூளையில முக்கியமா அஸ்ட்ரோசைட் எண்ட துணைக் கலங்களிலதான் இருக்கு. தலையில அடிபட்டு, மூளைக்காய்ச்சல் வந்து, இல்லாட்டி நீண்ட வலிப்புக்குப் பிறகு அந்த இடத்தில தழும்பு மாதிரி அஸ்ட்ரோசைட் பெருகும், நொதியமும் கூடும், அடினோசின் குறையும், அந்த இடம் அடக்குவார் இல்லாத இடமா மாறும். டெட்லெவ் பொய்சன் எண்ட ஆய்வாளர் இந்த விசயத்தில கன வருசமா வேலை செய்யுறார். அவரும் கூட்டாளிகளும் பட்டுப்புழுவின்ட பட்டில இருந்து எடுத்த புரதத்துக்குள்ள அடினோசின வச்சு எலிட மூளைக்குள்ள பதிச்சுப் பார்த்தாங்க, அடினோசின் கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு வாற காலம் வலிப்பு அடங்கியே இருந்தது. மருந்து வரப்போற எண்டா இப்பிடி, வேண்டிய இடத்தில மட்டும் கூட்டுற வழியாலயோ அந்த நொதியத்த அடக்குற வழியாலயோதான் வரும் எண்டு நான் நினைக்கிறன், போத்தல் குளிசையா இல்ல.

இன்னொண்டும் படிச்சு வையுங்க. இனோசின் எண்டும் ஒரு நியூக்ளியோசைட் இருக்கு, பிரேசில் ஆய்வுகூடத்தில எலிக்கு ஒரு நச்சால வலிப்பு வரவைக்கேக்க இது பாதுகாத்தது, ஆனா வேற ஒரு எலி இனத்தில, சில செக்கன் வெறிச்சுப் பார்த்துக்கொண்டு நிக்கிற வகை வலிப்பு இருக்கே, அதை இதே இனோசின் கூட்டிவிட்டது. ஒரே சாமான், ஒரு வலிப்புக்கு நல்லம், ஒரு வலிப்புக்குக் கூடாது. இயற்கை எண்டு லேபல் ஒட்டி விக்கிறவங்க இந்தக் கதையச் சொல்ல மாட்டாங்க.

கேள்வி: எங்கட ஊரில வலிப்பு வந்தா இரும்புத் திறப்பக் கையில குடுப்பம், குடுத்த உடனே நிண்டிரும், நான் கண்ணால கண்டிருக்கன். பிள்ளைகள் அது மூடநம்பிக்கை எண்டு சொல்லுதுகள். கண்ணால கண்டத எப்பிடிப் பொய் எண்டு சொல்ற? (ஒரு ஐயா, கொக்கட்டிச்சோலைப் பக்கம்)

பதில்: ஐயா, நீங்க கண்டது உண்மை, நிண்டதும் உண்மை, ஆனா நிப்பாட்டினது திறப்பு இல்ல. கை கால் அடிக்கிற பெரிய வலிப்பு கூடுதலா ஒண்டு, ரெண்டு, மூண்டு நிமிசத்துக்குள்ள தானாவே அடங்கும். ஆக்கள் ஓடிவந்து, திறப்பு எங்க எண்டு தேடி, அலுமாரியத் திறந்து எடுத்துக் கையில குடுக்க அந்த நேரம் சரியா வந்திரும். தானா அடங்குறதுக்குக் காரணங்களில ஒண்டு மேல தம்பிக்குச் சொன்ன அந்த அடினோசின். 1992ல அமெரிக்காவில டியூரிங், ஸ்பென்சர் எண்ட ரெண்டு பேர், சத்திரசிகிச்சைக்காக மூளைக்குள்ள கருவி வச்சிருந்த வலிப்பு நோயாளிகளில நேரடியா அளந்து பார்த்தாங்க. வலிப்பு வரேக்க அடினோசின் பல மடங்கு ஏறியிருக்கு, வலிப்பு நிண்ட பிறகும் கொஞ்ச நேரம் இறங்காம இருந்திருக்கு. வலிப்பு முடிஞ்ச உடனே ஆள் பிணம் மாதிரி நித்திரை கொள்றதும், அந்த நேரம் அடுத்த வலிப்பு லேசில வராததும் இதாலயும்தான் எண்டு அவங்க விளங்கப்படுத்தினாங்க.

திறப்பால கெடுதி இல்லையே எண்டு நினைக்காதீங்க. பல்லுக்குள்ள கரண்டி வைக்கிறது, வாயில தண்ணி ஊத்துறது, இறுக்கிப் பிடிக்கிறது எல்லாம் அதோடதான் சேந்து வரும், பல்லு உடைஞ்சு வந்த பிள்ளைகள நான் கண்டிருக்கன். ஆளை ஒரு பக்கமாச் சரிச்சு விடுங்க, தலைக்குக் கீழ சாரமோ துவாயோ மடிச்சு வையுங்க, பக்கத்தில கல்லு, அடுப்பு இருந்தா அகற்றுங்க, மணிக்கூட்டப் பாருங்க. அஞ்சு நிமிசம் தாண்டினா, இல்லாட்டி நினைவு வராம திரும்பவும் வந்தா 1990க்கு அடிச்சு அம்புலன்ஸ் கூப்பிடுங்க. வாவிக் கரையில இருக்கிற ஊர் எண்டதால இன்னொண்டு: வலிப்பு உள்ளவர தனியத் தோணியில போகவோ தனிய வாவியில, கிணத்தடியில குளிக்கவோ விட வேணாம்.

கேள்வி: என்ட வாப்பாக்கு நெஞ்சு படபடப்பு எண்டு போன மாசம் ஆஸ்பத்திரியில அடினோசின் ஊசி போட்டாங்க. அப்ப அது நம்மட நாட்டில இருக்கிற மருந்துதானே, ஏன் அதையே வலிப்புக்காரருக்குப் போட ஏலாது? (கல்முனை)

பதில்: நல்ல கேள்வி தம்பி. அந்த ஊசி போடேக்க நீங்க பக்கத்தில நிண்டிருந்தா கண்டிருப்பீங்க, மானிட்டர்ல பார்த்துக்கொண்டு கெதியா 6 மில்லிகிராம் போடுவாங்க, சரிவரல்ல எண்டா 12, போட்ட உடனே அதைத் தள்ள உப்புத்தண்ணியும் வேகமா ஏத்துவாங்க. அவ்வளவு அவசரம் ஏன் எண்டா இரத்தத்தில அடினோசின்ட அரைவாழ்வு 10 செக்கனுக்கும் குறைவு. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ள இதயத்த ஒரு நொடி நிப்பாட்டி திரும்பத் தாளத்துக்கு விடுது, கன பேர் செத்துப்போறன் எண்ட மாதிரி இருந்தது எண்டு சொல்லுவாங்க, வாப்பாவக் கேட்டுப் பாருங்க. மூளைக்குள்ள போய்ச் சேர அதுக்கு நேரமும் இல்ல, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையில இருக்கிற தடுப்பும் விடாது. கூட நேரம் வேலை செய்யட்டும் எண்டு தொடர்ந்து ஏத்தினா பிறஷர் விழும், இதயம் மெதுவாகும். இன்னும் சொல்லப்போனா, இதய ஸ்கானுக்கெண்டு அடினோசின சேலைன் மாதிரி ஏத்துற இடத்தில, வலிப்பு வரலாம் எண்டு அந்த மருந்தோட வாற எச்சரிக்கையிலயே எழுதியிருக்கு. மூளைக்குள்ள வலிப்ப அடக்குற அதே சாமானுக்கு இப்பிடி ஒரு எச்சரிக்கை எண்டா நாளத்தால குடுக்கிற கதை எவ்வளவு சிக்கல் எண்டு விளங்கும்.

கேள்வி: எனக்கு வலிப்பும் இருக்கு, இழுப்பும் (ஆஸ்துமா) இருக்கு. தேத்தண்ணி, கோப்பி குடிக்கக் கூடாது எண்டு சொல்றாங்க, அதில ஏதும் உண்மை இருக்கா மிஸ்? (ஒரு சகோதரி, அக்கரைப்பற்று)

பதில்: சகோதரி, நீங்க தேத்தண்ணியப் பற்றிக் கேட்டிருக்கீங்க, எனக்கு உங்கட இழுப்புக் குளிசையப் பற்றித்தான் யோசனை. கோப்பி, தேயிலையில இருக்கிற கபீனும் இழுப்புக்குக் குடுக்கிற தியோபிலினும் ஒரே குடும்பம், ரெண்டும் அடினோசின் இருக்க வேண்டிய ரிசெப்டர்ல போய் இருந்துகொள்ளும். பஸ்ஸில லேஞ்சியப் போட்டு சீட்டுப் பிடிச்சு வைக்கிற மாதிரித்தான், தானும் ஒரு வேலையும் செய்யாது, வந்தவரையும் இருக்க விடாது. கோப்பி குடிச்சா நித்திரை வராததும் இதாலதான். நாளுக்கு ரெண்டு மூண்டு கோப்பை பிளேன்டீ குடிக்கிறவங்களுக்குப் பயப்பட ஒண்டும் இல்ல, ஆனா கடும் கோப்பி குடிச்சு, எனர்ஜி ட்ரிங் குடிச்சு, சோதனைக்கு எண்டு விடிய விடிய முழிக்கிறது வேற கதை, நித்திரை இல்லாமையே வலிப்பக் கூப்பிடும்.

தியோபிலின் அப்பிடி லேசா விடுற சாமான் இல்ல. இரத்தத்தில அளவு கூடினா அதுவே வலிப்ப உண்டாக்கும், அந்த வலிப்பு வழமையான மருந்துக்கு லேசில அடங்காது. நல்ல அளவுக்கும் கூடின அளவுக்கும் இடையில இடைவெளி சரியான கொஞ்சம். காய்ச்சல், சளிக்கெண்டு எரித்ரோமைசின், சிப்ரோபுளொக்சசின் மாதிரி அன்டிபயோட்டிக் சேந்தா தியோபிலின் அளவு ஏறும். மற்றப் பக்கம் கார்பமசெபின், பெனிட்டோயின், பீனோபார்பிட்டோன் மாதிரி வலிப்பு மருந்துகள் அதை வேகமா வெளியேத்தி அளவ இறக்கும், இழுப்பு அடங்காம வரும், அந்த நேரம் ஆக்கள் தாங்களாவே இன்னொரு குளிசை கூட்டிப் போடுறது, அதுதான் எனக்குப் பெரிய பயம். நெஞ்சுக் கிளினிக்குக்கு ஒரு கொப்பி, நரம்புக் கிளினிக்குக்கு ஒரு கொப்பி வச்சிருப்பீங்க. ஒரு கிளினிக்குக்குப் போகேக்க மற்றக் கொப்பியையும் கொண்டு போங்க, அங்க இங்க பிரைவேட்டாக் காட்டினா அந்தத் துண்டையும் வையுங்க. இழுப்புக்கு பம்ப் இழுக்கலாமா, தியோபிலின விட ஏலுமா எண்டு நீங்களே வாயத் திறந்து கேளுங்க.

கேள்வி: மீன், ஈரலில எல்லாம் இந்த நியூக்ளியோசைட் கனக்க இருக்காமே, அதக் கூடச் சாப்பிட்டா காணாதா? (பெரிய கல்லாறு)

பதில்: இருக்கு, ஆனா வலிப்புக்குக் காணாது. மீன் செத்த பிறகு அதின்ட தசையில இருக்கிற ஏடிபி படிப்படியா உடைஞ்சு இனோசினாகி, பிறகு ஹைப்பொசாந்தினாகும். மீன் புதுசா பழசா எண்டு ஆய்வுகூடத்தில பார்க்கிறது இந்தக் கணக்கை வச்சுத்தான், அதாவது இனோசினும் ஹைப்பொசாந்தினும் கூடக் கூட மீன் பழசு. கரைவலையில இருந்து நேர வாற மீனச் சாப்பிடுற உங்களுக்கு அது குறைவாத்தான் கிடைக்கும், அது நல்லம்தான். இனோசினக் குளிசையா எடுத்தா கடைசியில யூரிக் அசிட்டா மாறும், கவுட் எண்ட மூட்டு வருத்தம் உள்ளவங்களுக்கு மூட்டு வீங்கும், கிட்னியில கல்லும் வரலாம். மீனை மீனாச் சாப்பிடுங்க.

கேள்வி: சோத்த நிப்பாட்டி கொழுப்புச் சாப்பாடு குடுத்தா வலிப்பு நிக்குமாம், செய்து பார்க்கலாமா? (சம்மாந்துறை)

பதில்: கீட்டோஜெனிக் சாப்பாடு எண்டு அதைச் சொல்றது, 1921ல இருந்தே இருக்கிற வைத்தியம், மருந்துக்கு அடங்காத பிள்ளைகளில கன பேருக்கு உதவியிருக்கு. 2011ல எலியில செய்த ஆய்வில இதுவும் அடினோசின், ஏ1 ரிசெப்டர் வழியாத்தான் வேலை செய்யுது எண்டு காட்டினாங்க, ஏ1 இல்லாத எலிக்கு இந்தச் சாப்பாடு பிரயோசனப்படல்ல. ஆனா வீட்டில தொடங்குற சாமான் இல்ல. சில பிறவி வருத்தங்களில கொழுப்பு உடைக்க உடம்புக்கு ஏலாது, அந்தப் பிள்ளைக்குச் சோத்த நிப்பாட்டினா உயிர் போகும். இரத்தம் சோதிச்சு, டயட்டீசன் கிராம் கணக்கில நிறுத்து எழுதித் தந்து செய்ய வேண்டியது.

கேள்வி: மிஸ், எங்கட மகளுக்கு மூண்டு வயசு. வலிப்பு மருந்து மூண்டு வகை குடுத்தும் அடங்குதில்ல, நிமிந்து இருந்த பிள்ளை இப்ப அப்பிடி இருக்கிறதும் இல்ல, சிரிச்ச பிள்ளை சிரிக்கிறதும் இல்ல. கோயில் கோயிலா நேத்தி வச்சிட்டம். இந்த யூரிடினால உண்மையா ஆருக்காவது சுகம் வந்திருக்கா? (அப்பாவும் அம்மாவும், திருக்கோவில்)

பதில்: வந்திருக்கு. அதை மறைக்க எனக்கு மனமில்ல, ஆனா கடைசி வரைக்கும் வாசியுங்க.

சிஏடி எண்டு ஒரு மரபணு இருக்கு. உடம்பு தானா யூரிடின் வகைச் சாமான்களச் செய்யுறதுக்கு வேண்டிய முதல் மூண்டு படியையும் இந்த ஒரு மரபணுவில இருந்து வாற புரதம்தான் செய்யுது. அப்பாட்ட இருந்து ஒண்டு, அம்மாட்ட இருந்து ஒண்டு எண்டு ரெண்டு பிரதியிலயும் பிழை இருந்தா பிள்ளைக்கு யூரிடின் போதாம வரும், வலிப்பு வரும், வளர்ச்சி பின்னுக்குப் போகும், இரத்தச் சோகையும் வரும். 2017ல வெளியான ஒரு ஆய்வில மூண்டு குடும்பத்தில இப்பிடி நாலு பிள்ளைகளப் பற்றி எழுதியிருந்தாங்க. ரெண்டு பிள்ளைகள் நாலு, அஞ்சு வயசில இறந்துபோயிட்டுதுகள், காரணம் அப்ப ஆருக்கும் தெரியாது. காரணம் தெரிஞ்ச பிறகு மிச்சம் ரெண்டு பேருக்கும் வாயால யூரிடின் குடுத்தாங்க, ரெண்டு பேருக்கும் வலிப்பு உடனே நிண்டிட்டு. அதில ஒரு நாலு வயசுப் பெண்பிள்ளை, சுத்தி என்ன நடக்குது எண்டே பெரிசா உணராம கிடந்தவ, 9 கிழமையில ஆக்களோட தொடர்புகொள்ளவும் கை பிடிச்சா நடக்கவும் தொடங்கினா. வெளிநாட்டில கடையில விக்கிற அதே யூரிடின், ஆனா அந்தப் பிள்ளைக்கு அது இல்லாமத்தான் வருத்தம் வந்தது, இல்லாததக் குடுத்த உடனே மாறினது.

இது மிச்சம் அரிதான வருத்தம். உங்கட மகளுக்கு இதுதான் எண்டு நான் சொல்லல்ல, பெரும்பாலும் இதா இருக்காது, அதையும் சேத்தே சொல்றன். அதுக்காகக் கேக்காம விடவும் கூடாது. உங்கட பிள்ளையப் பார்க்கிற டொக்டரிட்ட ரெண்டு விசயம் கேளுங்க. ஒண்டு, இரத்தத்த கண்ணாடித் தட்டில பூசி மைக்ரோஸ்கோப்பில பார்க்கிற சோதனை, பிளட் பிக்சர் எண்டு சொல்லுவாங்க, அது செய்திருக்கா, செங்கலங்கள் ஒண்டுக்கொண்டு அளவும் வடிவமும் வித்தியாசமா இருக்கா எண்டு. அந்த நாலு பிள்ளைகளிலயும் அந்த அடையாளம் இருந்தது, அந்தச் சோதனை நம்மட ஆஸ்பத்திரிகளிலயே செய்யுறது. ரெண்டாவது, மருந்துக்கு அடங்காத, வளர்ச்சி பின்னுக்குப் போற வலிப்பு எண்டதால மரபணுச் சோதனைக்கும் சிறுவர் நரம்பியல் டொக்டரிட்டயும் அனுப்ப ஏலுமா எண்டு. கொழும்பு லேடி றிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தந்தா தூரம் எண்டு பின்னடிக்காதீங்க. பிழைச்ச மரபணுவக் கண்டுபிடிச்சா அதுக்கெண்டே குடுக்கிற வைற்றமின், சாப்பாடு எண்டு வேற வைத்தியம் உள்ள வருத்தங்களும் இருக்கு, பி6 வைற்றமினுக்கு நிக்கிற வலிப்பும் அப்பிடி ஒண்டு.

போறதுக்கு முதல் ஒரு கொப்பியில எழுதி வையுங்க: வலிப்பு எத்தனை மாசத்தில முதல் வந்தது, எந்த மருந்து எத்தனை மில்லிகிராம் எப்ப தொடங்கினது, எந்த மாசம் பிள்ளை நிமிந்து இருந்தா, எந்த மாசம் அப்பிடி இருக்க ஏலாமப் போச்சு, நீங்க ரெண்டு பேரும் சொந்தத்துக்குள்ள முடிச்சதா, முதல் பிள்ளை ஏதும் தவறினதா. வலிப்பு வரேக்க போன்ல வீடியோ எடுங்க, முகமும் கையும் காலும் தெரியிற மாதிரி, அது டொக்டருக்கு ஆயிரம் கேள்விய மிச்சம் பிடிக்கும். இப்ப குடுக்கிற மூண்டு மருந்தையும் ஒரு வேளை கூட விடாம குடுத்துக்கொண்டே இருங்க. பிளட் பிக்சர் ரிப்போட் வந்தா எனக்கும் எழுதுங்க, அதில உள்ள சொல்லுகள் என்ன எண்டு நான் விளங்கப்படுத்துறன்.